நூத்துக்கு நூறு வாங்க நாலு குறுக்கு வழி

வா கண்ணு, திண்ணையில உக்காரு. பள்ளிக்கூடத்து மேலாண்மைக் குழுவுக்கு உன்னைத் தலைவியாப் போட்டுட்டாங்களாமே, கொட்டாய் பூரா அதே பேச்சு. நம்ம வம்சத்துல பதவின்னு ஒன்னு வந்தது இதுதான் முதல் தடவை. உன் தாத்தன் ஊர்க் கிணத்து மோட்டாரைப் போட்டு நிறுத்தற வேலை பார்த்தான். அவனுக்கு ஷாக் அடிச்சதே தவிர, மாலை விழுந்ததில்ல. உனக்கு மாலை விழுந்துட்டுது. ஷாக்கு எப்பன்னு இனிமேப் பார்க்கணும்.

ஏதோ யோசனை கேக்கணும்னியே, என்ன? பத்தாவதுல நம்ம பள்ளி இந்த வருஷம் நூத்துக்கு நூறு காட்டணுமா? பக்கத்து ஊர்ல காட்டிட்டாங்களா? ப்பூ, இவ்வளவுதானா! நான் அஞ்சாவதோட ஏர் பிடிக்கப் போனவன்தான். ஆனா படிப்பைப் பத்தி யோசனை சொல்றவன் படிச்சிருக்கணும்னு எங்கே எழுதியிருக்கு? அப்படி ஒரு சட்டம் வந்தா மெட்ராஸ்ல பாதி ஆபீசைப் பூட்டணும்.

நாலு வழி சொல்றேன், காதுல வாங்கிக்க. நாலுலயும் யாரும் பாடம் நடத்த வேண்டியதில்ல. அதான் இதுல விசேஷம்.

முதல் வழி, ஒம்பதாம் வகுப்பு. எட்டாவது வரைக்கும் யாரையும் நிறுத்தி வைக்கிறதில்ல. அதுக்கு மேல கையைக் கட்டிப்போட ஆளில்ல. வருஷக் கடைசியில, எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணர்ற பையன் எவன் எவன்னு பார்த்து, அவனை ஒம்பதாவதுலயே உக்கார வை. மீசை முளைச்ச பையன், பொடிசுங்களோட ஒரே பெஞ்சுல எத்தனை நாளைக்கு உக்காருவான்? ஆடி பொறக்கறதுக்குள்ள ஓசூர்லயோ பெங்களூர்லயோ சென்ட்ரிங் வேலையில நிப்பான். நீ அவனைப் போன்னு சொன்னியா? சொல்லல. அவனாத்தான் போனான். பாவம் உன் முந்தானையில ஒட்டாது.

ரெண்டாவது வழி, டி.சி. பையனோட அப்பனைக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உக்கார வை. நாற்காலி முக்கியம் கண்ணு. ஆபீசுல நாற்காலி போட்டாங்கன்னாலே நம்ம ஜனத்துக்கு எதுத்துப் பேச வாய் வராது. "பையன் நல்ல பையன்தாங்க, இந்த இடம் அவனுக்கு ஒத்துக்கல, வேற எங்கயாச்சும் சேர்த்துப் பாருங்க"ன்னு பதமாச் சொல்லி சர்டிபிகேட்டைக் கையில திணிச்சிரு. எமிஸ்னு ஒரு கம்ப்யூட்டர்ப் பேரேடு இருக்குதே, அதுல அவன் பேரு நம்ம பள்ளியை விட்டு நகர்ந்து பொதுத் தொகுப்புக்குப் போயிரும். இன்னொரு பள்ளி எடுத்துக்கிற வரைக்கும் அங்கயே நிப்பான். யாரும் எடுத்துக்கலேன்னா நின்னுக்கிட்டே இருப்பான். நம்ம வகுப்புல பெஞ்சு ஒன்னு மிச்சம்.

மூணாவது வழி, தனித்தேர்வர். "பள்ளிக்கூடத்து மூலமா எழுதினா உனக்குத்தான் கஷ்டம், வீட்டுல இருந்தே படிச்சு பிரைவேட்டா எழுதிக்க"ன்னு அக்கறையாச் சொல்லிடு. அவன் தேறினா அவன் சாமர்த்தியம், தவறினா அவன் தலையெழுத்து. ரெண்டுமே நம்ம பள்ளிக் கணக்குல வராது.

நாலாவது வழி இருக்குதே, அதுதான் ரொம்ப சொகுசு. ஒன்னுமே செய்ய வேண்டாம். ஹால் டிக்கெட்டு வந்தப்புறமும் தேறுமா தேறாதான்னு சந்தேகமா ஒரு புள்ள இருந்தா, பரீட்சை அன்னிக்குக் காலையில அது வீட்டுக் கதவை யாரும் தட்டாம இருந்தாப் போதும். தேர்ச்சி சதவீதம்னா என்ன? எழுதினவங்கள்ல எத்தனை பேரு தேறினாங்கங்கற கணக்கு. வராதவன் அந்தக் கணக்குல மேலயும் இல்ல, கீழயும் இல்ல. 2023 மார்ச்சுல என்ன நடந்துச்சு, ஞாபகம் இருக்கா? பிளஸ் டூ தமிழ்ப் பரீட்சைக்கு மாநிலம் பூரா 50 ஆயிரத்துக்கும் மேல புள்ளைங்க வரல. தமிழ்நாட்டுல, தமிழ்ப் பரீட்சைக்கு! கொரோனா வருஷத்துல பத்தாவது பரீட்சை இல்லாமலே எல்லாரும் பாஸ்னு ஏத்திவிட்ட செட்டு அது. நெறையப் பேருக்குப் பேரு மட்டும்தான் வகுப்பு வகுப்பா ஏறிச்சு, புள்ள எங்கயோ கூலிக்குப் போயிருந்தது. அப்படியும் அந்த வருஷம் தேர்ச்சி 94.03 சதவீதம். கொட்டு மேளத்துக்குக் குறைச்சல் இல்ல.

என்ன முறைக்கிறே? நூறு கேட்டே, வழி சொன்னேன்.

சரி, முறைக்கத் தெரியுதுன்னா கணக்கும் தெரியும். ஒரு பேச்சுக்கு வெச்சுக்க. ஒரு பள்ளியில ஆறாவதுல 40 புள்ளைங்க சேருது. இந்த நாலு வழியிலயும் 12 பேரைக் கழிச்சுட்டு 28 பேரை எழுத வைக்கிறாங்க. 28 பேரும் பாஸ். நூத்துக்கு நூறு, சால்வை, போட்டோ. இன்னொரு பள்ளியிலயும் அதே 40 பேரு. அங்க இருக்கற வாத்தியாரு கொட்டாய் கொட்டாயா அலைஞ்சு, அப்பன் ஆத்தாளோட சண்டை போட்டு, 40 பேரையும் பரீட்சை ஹாலுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்துடறாரு. 34 பேரு தேறுது. 85 சதவீதம். அவருக்கு என்ன வரும் தெரியுமா? "தேர்ச்சி குறைந்தது ஏன்?"னு விளக்கம் கேட்டு மெமோ வரும். 34 பெருசா, 28 பெருசா? அஞ்சாவது படிச்சவன் கேக்கறேன், ஆபீசர்மாருங்ககிட்டக் கேட்டுச் சொல்லு.

உன் வீட்டுக்காரன் பாலக்கோட்டு மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏத்திட்டுப் போறானே, கூடையில மேலாப்புல எந்தப் பழத்தை அடுக்குவான்னு அவனைக் கேளு. சிரிப்பான். வாங்க வர்ற வியாபாரியும் சும்மா இல்ல, கையை அடி வரைக்கும் விட்டுத் துழாவித்தான் வெலை சொல்லுவான். பள்ளிக்கூடத்து ரிசல்ட்டையும் அப்படி அடி வரைக்கும் துழாவற ஆளு ஒருத்தரு ஊருக்கு வேணும். அந்த ஆளு நீதான். அதுக்குத்தான் 2009-ல போட்ட கல்வி உரிமைச் சட்டம், அப்பன் ஆத்தாளைக் குழுவுல உக்கார வெச்சிருக்கு. டீயும் பிஸ்கட்டும் அதுக்கப்புறம்தான்.

அடி வரைக்கும் துழாவறதுன்னா எப்படின்னு மாநிலக் கணக்கை வெச்சே காட்டறேன். 2025-ல பத்தாவது எழுதினது 8,71,239 பேரு. தேறினது 8,17,261. சதவீதம் 93.80-ன்னு கொட்டை எழுத்துல போட்டாங்க. நீ கழிச்சுப் பாரு. 53,978 புள்ளைங்க. ஆறு சதவீதம்னு சொன்னாச் சுண்டைக்காய். அத்தனை பேரையும் தருமபுரி பஸ் ஸ்டாண்டுல இறக்கிவிட்டா நீ சந்தைக்குப் போக வழி கிடைக்குமா? அதுலயும் பொம்பளப் புள்ளைங்க தேர்ச்சி 95.88, பசங்களுது 91.74. அரசுப் பள்ளிங்க மட்டும்னா 91.26. இதெல்லாம் எழுதினவங்க கணக்கு. ஒம்பதாவதுல உக்கார வெச்சவன், டி.சி. வாங்கினவன், எவனும் இதுல கிடையாது.

முன்னெல்லாம் மாநிலத்துல முதலிடம், ரெண்டாமிடம், மூணாமிடம்னு பேரு வாசிப்பாங்க. லட்டு ஊட்டற போட்டோ பேப்பர்ல வரும். 2017-ல அந்தப் பழக்கத்தை நிறுத்தினாங்க. புள்ளைங்களுக்கு ரேங்க் வேண்டாம்னு முடிவு பண்ணினவங்க, மாவட்டத்துக்கு மாவட்டம் ரேங்க் போடற ஆசையை மட்டும் விட முடியல. இப்ப லட்டு ஆபீசருங்க வாய்க்குப் போகுது, அவ்வளவுதான்.

எந்தப் புள்ள பள்ளிக்கூடம் போகுது, எது போகலைன்னு தலை எண்ணற வேலை இன்னிக்கு வந்ததில்ல. நம்ம ஊர்ல குடியிருந்த வெள்ளைக்காரன் ஒருத்தன் 200 வருஷத்துக்கு முன்னாலயே செஞ்சுட்டான். தாமஸ் மன்றோன்னு பேரு. மெட்ராசுல குதிரை மேல சிலையா உக்காந்திருக்கானே, அவனேதான். 1792-ல திப்பு சுல்தான்கிட்ட இருந்து நம்ம பாராமகால் சீமை கம்பெனி கைக்கு வந்தப்ப, வரி போட வந்த வெள்ளைக்காரங்கள்ல அவனும் ஒருத்தன். 1799 வரைக்கும் இந்தச் சீமையிலதான் கிடந்தான். தருமபுரியில வீடும் தோட்டமும் வெச்சிருந்தான். பின்னால மெட்ராசுக்குக் கவர்னராப் போனவன், 1822-ல ஜில்லா ஜில்லாவாக் கலெக்டருங்களுக்கு ஓலை விட்டான். உங்க ஜில்லாவுல எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை புள்ளைங்க, அதுல பிராமணன் எத்தனை, வைசியன் எத்தனை, சூத்திரன் எத்தனை, மத்த சாதி எத்தனை, துலுக்கர் எத்தனை, ஆணு எத்தனை, பொண்ணு எத்தனைன்னு கட்டம் கட்டி அனுப்பச் சொன்னான். எமிசுக்குப் பாட்டன் அவன்தான். அந்தக் காலத்துலயும் கலெக்டருங்க கட்டத்தை நிரப்பி அனுப்ப வருஷக்கணக்காச்சு. அந்த விஷயத்துல நம்ம ஆட்சிமுறை துளி மாறல.

1826-ல கூட்டிப் பார்த்தா, மெட்ராஸ் மாகாணத்துல 12,498 பள்ளிக்கூடம், 1,88,650 புள்ளைங்க. ஒரு கோடியே இருபத்தெட்டு லட்சம் ஜனத்துக்கு அவ்வளவுதான். ஆனா அந்தாளு அதோட நோட்டை மூடல. "இதுல வீட்டுலயே படிக்கிற பசங்க சேரலையே, அவங்களையும் சேர்த்தாத்தானே கணக்கு"ன்னு விட்டுப்போனவங்களைத் தேடினான். படிப்பு ஏன் கொறைச்சலா இருக்குன்னும் எழுதி வெச்சான். ஜனங்க கையில காசில்ல, வாத்தியாருக்குக் கிடைக்கிற வருமானம் சொற்பம், இதுதான் காரணம்னான். புள்ளைங்க மக்குன்னு எழுதல. வரி வசூல் பண்ண வந்தவனுக்கே அவ்வளவு புரிஞ்சிருக்கு. நம்ம ரிவ்யூ மீட்டிங்ல மைக்கைப் பிடிக்கிறவங்களுக்குப் புரியறதுக்கு இன்னும் எத்தனை வருஷம் ஆகுமோ!

இப்ப நம்ம பள்ளிக்கு வா. பத்தாவது வகுப்புல யாரு உக்காந்திருக்கான்னு ஒரு நாளாச்சும் உள்ள போய்ப் பார்த்தியா? 2011 ஜனத்தொகைக் கணக்குல நம்ம தருமபுரி மாவட்டத்துல 15 லட்சத்துச் சொச்சம் பேரு. 100-ல 82 பேரு கிராமத்துல இருக்கோம். எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க 68.54 சதவீதம். மாநிலம் 80-ஐத் தொட்டப்ப நாம அங்க நின்னோம். தமிழ்நாட்டுலயே கடைசி. கடைசின்னாலும் ஒரு எடம்தானேன்னு அப்ப நான் சொன்னேன், யாரும் சிரிக்கல. இன்னிக்குப் பத்தாவது படிக்கிற புள்ளையோட ஆத்தா அந்தக் கணக்குல எங்க இருந்தாள்னு யோசி. பொம்பளைங்கள்ல 100-க்கு 60 பேருக்குத்தான் எழுத்துத் தெரியும்னு அந்தக் கணக்கு சொல்லிச்சு. மீதி 40 வீட்டுல ஹோம் ஒர்க்கை யாருகிட்டக் காட்டறது? வாசல்ல கட்டின ஆட்டுகிட்டயா?

பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் அள்ளி அள்ளின்னு முடியற ஊரா இருக்கும் பாரு. அதுல பல வீட்டுல அடுப்படியில கன்னடம், இல்லேன்னாத் தெலுங்கு. அந்தப் புள்ளைக்குப் பள்ளிக்கூடத் தமிழே ரெண்டாவது பாஷை. இங்கிலீசு மூணாவது. அதுக்கும் அதே 35 மார்க்குத்தான். சித்தேரி மலை, வத்தல்மலைன்னு மேல இருந்து இறங்கற மலையாளிப் பழங்குடிப் புள்ளைங்க வேற. கோட்டூர் மலைன்னு பென்னாகரத்துப் பக்கம் ஒன்னு இருக்கு, கேள்விப்பட்டிருப்பே. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுப் பெட்டியைக் கழுதை முதுகுல ஏத்திக் கொண்டுபோனாங்க, டி.வி.யில காட்டினான். ஓட்டுப் போடறவங்களைத் தேடிக் கழுதையாச்சும் மலையேறிச்சு. பரீட்சை எழுதற புள்ள தன் காலாலதான் இறங்கி வரணும்.

போன வருஷத்து பத்தாவது குரூப் போட்டோ ஆபீசுல மாட்டியிருக்கு. கிட்டப் போய்ப் பாரு. போட்டோக்காரன் சிரிங்க சிரிங்கன்னு கத்தியிருப்பான். ஆனா முன்வரிசையில பாதிப் புள்ளைங்க உதட்டை இறுக்கி மூடியிருக்கும். பின்வரிசையில ஒருத்தி கையால வாயைப் பொத்திட்டிருப்பா. வெக்கம்னு நெனைச்சுடாதே. பல்லுல பழுப்புக் கோடு. நம்ம போர்வெல் தண்ணியில இருக்கற புளோரைடு பண்ற வேலை. ஜப்பான்காரன்கிட்டக் கடன் வாங்கி, ஒகேனக்கல்ல இருந்து காவேரித் தண்ணியைக் குழாயில கொண்டாந்து 2013-ல திறந்தாங்க. அந்தத் தண்ணி தவறாம வர்ற ஊர்ல சின்னதுங்க பல்லு வெளுப்பா இருக்கு. வராத நாள்ல பழைய போர்வெல்தான். பள்ளிக்கூடத்து டேங்குல எந்தத் தண்ணி ஏறுதுன்னு உனக்குத் தெரியுமா? தலைவி நீ, டேங்கு மேல ஏற வேண்டாம், குழாயைத் திறந்து ஆளைக் கேளு போதும்.

அப்புறம் ஆஜர் பட்டியல். தை முடிஞ்சு காட்டுல வேலை ஓஞ்சா, அப்பன் ஆத்தா ரெண்டு பேரும் பெங்களூருக்குக் கட்டட வேலைக்கு, திருப்பூருக்குப் பனியனுக்கு, கேரளாவுக்குத் தோட்டத்துக்குன்னு கிளம்பிடுவாங்க. புள்ளைங்க பாட்டிகிட்ட. பாட்டிக்குக் கண்ணு தெரியாது, புள்ளைக்குத் தம்பி தங்கச்சியைப் பார்க்கணும். அந்த மாசத்துலதான் ரிவிஷன் டெஸ்ட்டு வெப்பாங்க. டெஸ்டுல மார்க்கு விழலைன்னதும் புள்ளைக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க, மெல்லக் கற்கும் மாணவர்னு. காலையில தண்ணி தூக்கி, சோறாக்கி, சின்னதுக்குச் சடை பின்னி, மூணு மைல் நடந்து பஸ் பிடிச்சு வர்ற புள்ளை மெல்லக் கத்துக்குதாம். அவளோட ஒரு நாள் வேலையை அந்தப் பேரு வெச்சவரு செஞ்சு காட்டட்டும், அவரு எவ்வளவு வேகம்னு பார்க்கலாம்.

படிப்பு நின்னுபோன மலைக்காட்டு ஆளு எங்கே போவான்? கூலி அதிகம் தர்றேன்னு எவன் கூப்பிட்டாலும் போவான். 2015 ஏப்ரல் 7-ந் தேதி ஆந்திராவுல சேஷாசலம் காட்டுக்குள்ள செம்மரம் வெட்டப் போனாங்கன்னு 20 பேரைச் சுட்டாங்களே, அதுல நம்ம சித்தேரி மலை ஆளுங்களும் இருந்தாங்க. இதுல எனக்குக் கேலி வரல கண்ணு. மேல போவோம்.

பொம்பளப் புள்ளைங்க சங்கதி தனிக் கச்சேரி. அதியமான் தனக்குக் கிடைச்ச நெல்லிக்கனியைத் தான் தின்னாம ஔவைக்குக் கொடுத்த சீமை இது. படிச்ச பொம்பளை ரொம்ப நாள் இருக்கணும்னு நெனைச்ச ராஜா. தருமபுரி டவுன்ல ஔவையார் பேர்லயே அரசாங்கத்துப் பெண்கள் மேல்நிலைப் பள்ளி நடக்குது. ஆனா நம்ம கொட்டாய்ல பொண்ணு பத்தாவது பாஸ் பண்ணினதும் நெல்லிக்கனி வராது, ஜாதகம் வரும். நம்ம பள்ளி பத்தாவதோட நின்னுபோற உயர்நிலைப் பள்ளி. பதினொன்னுக்குப் போகணும்னா டவுனு. பஸ்சுல டிக்கெட் இல்ல, சைக்கிள் அரசாங்கமே கொடுக்குது, எல்லாம் சரி. சாயங்கால ஸ்பெஷல் கிளாஸ் முடிஞ்சு வர்றப்ப நம்ம ஊர் பஸ்சு இருக்கான்னு எவனாச்சும் கேட்டானா? பஸ்சு இல்லேன்னா ஆத்தாளுக்குப் பயம். பயம் வந்தா மாப்பிள்ளை பார்ப்பாங்க. நம்ம மாவட்டத்துல நடக்கிற பாதிச் சின்ன வயசுக் கல்யாணத்தை ஜோசியருதான் நிச்சயம் பண்றாருன்னு நீ நெனைக்கிறே. இல்ல, டிப்போ மேனேஜரு பண்றாரு.

இன்னொரு வேடிக்கை கேளு. காலைச் சிற்றுண்டி அஞ்சாவது வரைக்கும். மத்தியானச் சத்துணவு பத்தாவது வரைக்கும். பதினொன்னாவதுக்கு மேல புள்ளைக்குப் பசிக்காதுன்னு கோட்டையில எவனோ ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சிருக்கான். அந்த வயசுல நான் ரெண்டு உருண்டைக் களி தின்னேன், எனக்குத்தான் ஏதோ வியாதி போல.

நல்லது நடந்ததையும் சொல்லணும், இல்லேன்னாக் கிழவன் குத்தமே பேசறான்னு சொல்லுவே. முன்னால மூவலூர் ராமாமிர்தம் அம்மா பேர்ல, பொண்ணு படிச்சிருந்தாக் கல்யாணத்துக்குப் பணமும் தாலிக்குத் தங்கமும் கொடுத்தாங்க. நம்ம ஆளுங்க அதைப் பத்தாவது படிச்சதுக்குக் கூலின்னே நெனைச்சுட்டாங்க. 2022 செப்டம்பர்ல அதைப் புதுமைப் பெண்ணுன்னு மாத்தினாங்க. அரசுப் பள்ளியில ஆறுல இருந்து படிச்சுட்டு மேல காலேஜுக்கோ ஐ.டி.ஐ.க்கோ போற பொண்ணுக்கு மாசம் 1,000 ரூபாய் அவ பேங்குக் கணக்குலயே விழுது. தாலிக்குக் கொடுத்த காசைப் படிப்புக்குத் திருப்பினவன் மகராசன். 2024-ல பசங்களுக்கும் தமிழ்ப் புதல்வன்னு கொண்டாந்துட்டாங்க. 2020-ல இருந்து மருத்துவப் படிப்புல அரசுப் பள்ளிப் புள்ளைங்களுக்கு 7.5 சதவீதம் இடம் வேற. கூலிக்காரன் மகள் வெள்ளைக் கோட்டு மாட்டறதை நாம கண்ணால பார்த்தோம். ஆனா இந்த மூணையும் வாங்க முதல் நிபந்தனை, புள்ள படிப்பை விடாம பள்ளிக்கூடத்துல இருக்கணும். ஒம்பதாவதுல டி.சி. வாங்கிட்டுப் படிப்பை விட்டவனுக்கு இதுல எதுவும் கிடையாது. அந்த நாலு குறுக்கு வழியோட வெலை என்னன்னு இப்பப் புரியுதா?

நீயும் ஒன்னும் ஒசத்தி இல்ல. உன் மகனை எங்க சேர்த்திருக்கே? மஞ்ச வேன் வருது, டை கட்டிட்டு ஏறறான். மகள் எங்க? நடந்தே போற பள்ளியில. கேட்டா "பொண்ணுதானே பெரிப்பா, பக்கத்துலயே இருக்கட்டும்"னு சொல்லுவே. ஊருல முக்காவாசி வீட்டுல இதே கதைதான். நாமக்கல், ராசிபுரம் பக்கம் ராத்திரி பகலா லைட்டைப் போட்டு உருப்போட வெச்சாங்களே, பிராய்லர் பள்ளின்னு பேரே வந்துச்சே, அந்த மோகம் நம்ம பக்கம் வந்து ரொம்ப நாளாச்சு. அங்க சேர்க்கிறப்பவே மார்க்குப் பார்த்துச் சேர்ப்பான். நல்லாப் படிக்கிறவனை எடுத்து நல்லாப் படிக்க வெச்சுட்டேன்னு சொல்றதுல என்ன சாமர்த்தியம் இருக்கு? கேட்டைத் தாண்டி வர்ற யாரையும் திருப்பி அனுப்ப முடியாத பள்ளிக்கூடம்தான் நம்மளுது. அது 85 வாங்கினா அந்த 85-க்கு நான் எழுந்து நிப்பேன். இதை வெச்சு அரசுப் பள்ளி வாத்தியாருங்க எல்லாரும் காந்தின்னு சொல்ல வரல. செல்போனைப் பார்த்துட்டே பெல் அடிக்கக் காத்திருக்கிற ஆளும் உண்டு. ஆனா அந்த செல்போன்ல அவரு பார்க்கிறது பாதி நேரம் எமிஸ்தான். ஆஜர் போடு, உயரம் போடு, எடை போடு, ரத்த வகை போடு, சாதி போடு, 14 வகை விலையில்லாப் பொருள் கொடுத்தாச்சான்னு போடு. போட்டு முடிக்கிறதுக்குள்ள பிரியடு முடிஞ்சுடுது. மன்றோ காலத்து வாத்தியாருக்கு இந்த ரோதனை இல்ல. அவனுக்குச் சம்பளமும் சொற்பம்ங்கறது வேற விஷயம்.

சரி, கேலி போதும். கூட்டத்துல நீ என்ன பேசணும்னு சொல்றேன். சதவீதம்ங்கற வார்த்தையை உன் வாயில இருந்து வரவிடாதே. ஹெட்மாஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டு, நாலு வருஷத்துக்கு முன்னால ஆறாவதுல சேர்ந்த பதிவேட்டை எடுக்கச் சொல்லு. பேரு பேராப் படிக்கச் சொல்லு. ஒவ்வொரு பேருக்கும் ஒரே கேள்விதான், "இந்தப் புள்ள இப்ப எங்க?" பத்தாவதுல இருக்குன்னா சந்தோஷம். வேற பள்ளிக்குப் போச்சுன்னா எந்தப் பள்ளின்னு கேளு, சேர்ந்துச்சான்னு கேளு. தெரியலைன்னு சொன்னா அந்தப் பேரைத் தனியா ஒரு தாள்ல எழுது. அந்தத் தாளுதான் நம்ம பள்ளியோட அசல் ரிசல்ட்டு. எழுதி முடிச்சதும் கோவப்படாதே, யாரையும் குத்தம் சொல்லாதே. "எத்தனை பேரைத் திரும்பக் கொண்டாரலாம் சார், யாரு எந்தக் கொட்டாய்க்குப் போறது?"ன்னு மட்டும் கேளு. அதைத் தீர்மானமா நோட்டுல எழுதிக் கையெழுத்து வாங்கிடு. 85 வந்தாலும் மெமோ வராம பார்த்துக்கறது எங்க பொறுப்பு சார்னு குழுவே ஒரு கடுதாசி போடட்டும். வாத்தியாருக்கு அரைத் தெம்பு வந்துரும். அப்புறம் டிப்போவுக்கு ஒரு மனு, சாயங்கால பஸ்சுக்கு. தண்ணிக்கு ஒரு மனு, பஞ்சாயத்துக்கு. மனு எழுதத் தெரியலேன்னா பத்தாவதுப் புள்ளைங்களையே எழுதச் சொல்லு, தமிழ்ப் பரீட்சைக்குக் கடிதம் எழுதிப் பழகின மாதிரியும் ஆச்சு.

பத்தாவது முடிச்சுட்டு நின்னுபோன பேரு ஒன்னையும் அந்தத் தாள்ல முதல்ல எழுது, அதை நீ தேட வேண்டியதில்ல. உன் சின்ன மாமனாரு பேத்தி, பத்தாவதுல 400-க்கு மேல வாங்கினவ, ஜூன் மாசத்துல இருந்து வீட்டுல மாட்டைப் பார்த்துட்டு இருக்கா. போன வெள்ளிக்கிழமை ஒகேனக்கல் பக்கத்துல இருந்து ஒரு காரு வந்து நின்னுச்சு, தட்டுல பூவும் பழமும் இறங்கிச்சு. அவளுக்குப் பதினாறு வயசு. கூட்டம் வரைக்கும் காத்திருக்காதே, இன்னிக்கே போ. நல்ல வார்த்தையாச் சொல்லிப் பாரு. கேக்கலேன்னா 1098-ன்னு மூணு வயசுக் குழந்தையும் அமுக்கற நாலு நம்பரு இருக்கு, அதை அமுக்கு. சொந்தக்காரங்க வஞ்சா வையட்டும். யாரு சொல்லிக் கொடுத்தான்னு கேட்டா மட்டும் என் பேரைச் சொல்லிடாதே, அவங்க வீட்டுலதான் எனக்குக் கறி விருந்து கிடைக்குது. கல்யாணம் நின்னா மொய்ப் பணம் மிச்சம்; அதுல அந்தப் பொண்ணுக்கு பதினொன்னாவது நோட்டுப் புத்தகம் நான் வாங்கித் தர்றேன்னு அவகிட்ட மட்டும் சொல்லு.